பெல்ட்டக்கா எடுத்த கல்

அந்தத் தெருவில் கூரைகளுக்கு என்ன நிறம் என்பது மழை பெய்த மறுநாள்தான் தெரியும். மற்ற நாட்களில் எல்லாக் கூரையும் மாவு சலித்த சல்லடையின் நிறம்தான். தெரு முடிகிற இடத்தில் சுண்ணாம்புக்கல் குழி. குழியிலிருந்து சிமெண்ட் ஆலை வரைக்கும் நீளமாக ஓடுகிற பெல்ட். காலை ஆறு மணிக்கு அது ஓடத் தொடங்கினால் தெருவில் எல்லாரும் உரக்கப் பேச ஆரம்பிப்பார்கள். நின்ற பிறகும் அப்படியே பேசுவார்கள். வெளியூரிலிருந்து வாழ வந்த பெண்களுக்கு முதல் மாதம், இந்த வீட்டில் எல்லாருக்கும் எல்லார் மேலும் கோபம் போலிருக்கிறது என்றுதான் தோன்றும்.

கடைசியிலிருந்து மூன்றாவது வீட்டுக்கு வந்தவளும் அப்படித்தான் நினைத்தாள். அது ஒரு வெல்டரின் வீடு. வெல்டர் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு அதிசயம். அவனுக்கும் சேர்த்து அவனுடைய அக்கா பேசினாள். இருபத்திரண்டு வருஷமாக அந்த பெல்ட்டின் பக்கத்தில் நின்று, கல்லோடு வருகிற களிமண் கட்டி, மரத்துண்டு, இரும்பு எல்லாவற்றையும் பொறுக்கிப் போடுகிற வேலை அவளுக்கு. ஊருக்கே அவள் பெல்ட்டக்கா. இடது காது பாதி போய்விட்டது. அதனால் அவள் ரகசியம் சொன்னால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "கல்லைக் கண்டா நாயைக் காணோம், நாயைக் கண்டா கல்லைக் காணோம்னு சொல்லுவாங்க. எனக்கு இருபத்திரண்டு வருஷமா கல்லு மட்டும்தான்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

வந்தவளுக்கும் தெரு ஒரு பெயர் வைத்தது. ஊசிக்காரி. பெயர் பரவிய புதிதில், காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி வந்து, "ஊசி போடுவீங்களாமே" என்று வாசலில் நின்றாள். இவள் போடுகிற ஊசி வேறு. கல்யாணத்துக்கு முன்பு நகரத்து அருங்காட்சியகத்தில் தரை துடைக்கப் போனவள் இவள். கல் சுத்தம் செய்கிற அறையில் ஆள் இல்லாத ஒரு மாதத்தில், "சும்மா இந்த மண்ணை மட்டும் சுரண்டிக் கொடும்மா" என்று கையில் ஒரு ஊசியைக் கொடுத்தார்கள். கொடுத்த ஊசியைத் திரும்ப வாங்கவில்லை. கல்யாணமாகி இங்கே வந்த பிறகும் பெட்டி பெட்டியாகக் கல் வந்துகொண்டிருந்தது. கொல்லைப்புறத்துத் தகரக் கொட்டகையை வெல்டர் அவளுக்காக இழுத்துக் கட்டிக் கொடுத்தான். மேஜை, மைக்ராஸ்கோப், காற்றடைக்கிற கம்ப்ரஸர், அதன் குழாயில் மாட்டி ஓட்டுகிற பேனா போன்ற சின்ன உளி, மாவு போன்ற பொடியை ஊதுகிற மெஷின், மரக்கைப்பிடியில் செருகிய பதினாறு ஊசிகள், கல் உருளாமல் இருக்க மணல் நிரப்பிய துணிப்பை.

அங்கே வருகிற கற்களில் பாதிக்கு மேல் கடல் முள்ளெலிகள், என்றைக்கோ செத்துக் கல்லாகிப்போன சின்னக் கடல் பிராணிகள். என்றைக்கோ கடலாகக் கிடந்த இடம்தானே குழியும். உயிரோடு இருக்கும்போது அதற்கு உடம்பெல்லாம் முள். செத்த ஒரு வாரத்துக்குள் தோல் அழுகி முள் அத்தனையும் உதிர்ந்துவிடும். கல்லாகக் கிடைப்பது மொட்டை உருண்டைதான். அதன் ஓடும் முட்டை ஓட்டைவிடக் கொஞ்சம்தான் தடிமன். மண் எது, ஓடு எது என்பது கண்ணுக்குத் தெரியுமுன் கைக்குத் தெரிய வேண்டும். ஓட்டின் மேல் ஊசி பட்டால் வேறு சத்தம், மண்ணில் பட்டால் வேறு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் ஊசிக்காரிக்கு வீட்டுக்குள்ளாவது மத்தியான அமைதி வேண்டியிருந்தது. நாத்தனாருக்கோ மத்தியானம்தான் ஷிப்ட் முடிகிற நேரம்.

"இருபத்திரண்டு வருஷமா அங்க இரைச்சல். வீட்டுக்கு வந்தா இங்க ஒரு கம்ப்ரஸர். என்னை எங்கதான் போகச் சொல்றே?"

"பத்து நிமிஷத்துல நிறுத்திடுவேங்க்கா."

"நிறுத்து. நிறுத்தினா எனக்குத் தூக்கம் வராது. பழகிப்போச்சு."

இப்படித்தான். சண்டை என்று சொல்ல முடியாது. சட்டியும் அகப்பையும் போலத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். குழம்பில் உப்பு, குழாயில் தண்ணீர், யார் துணி முதலில் காய்வது. ஒரே வீட்டில் ஒன்பது வருஷம் இருந்தும், ஒருத்தி இல்லாத வேளையில் இன்னொருத்தி அவளைத் தேடியதில்லை.

ஒரு நாள் மத்தியானம் நாத்தனார் சாப்பாட்டுப் பையை நேராகக் கொட்டகைக்குக் கொண்டுவந்தாள். உள்ளேயிருந்து தேங்காய் அளவுக்கு ஒரு களிமண் கட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இதைப் பொறுக்கிக் குப்பைப் பக்கம் போடத்தான் கையைக் கொண்டுபோனேன். ஓரம் உடைஞ்சிருந்துச்சு. என்னமோ மாதிரி இருந்துச்சு. சூப்பர்வைசர்கிட்டக் காட்டினேன். 'உங்க வீட்டுலதான் இந்தப் பைத்தியம் இருக்கே, எடுத்துட்டுப் போங்க'ன்னுட்டார்."

ஊசிக்காரி உடைந்த ஓரத்தை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்தாள். பார்த்தவள் நிமிரவில்லை.

"என்ன, ஒண்ணுமில்லையா?"

"இருங்கக்கா."

ஓட்டின் விளிம்பில், மண்ணுக்குள், குச்சி அடுக்கிய மாதிரி முட்கள். உதிர்ந்து கிடக்கிற முட்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஓட்டின் மேலுள்ள அதனதன் குமிழில் உட்கார்ந்தபடி, வெளியே பார்த்தபடி. சாவதற்கு முன்பே சேறு வந்து மூடியிருக்கிறது. மூடிய சேறு பிறகு விடவே இல்லை.

"அக்கா, இது உயிரோட புதைஞ்சது. முள்ளெல்லாம் அப்படியே இருக்கு. நான் இத்தனை வருஷத்துல இப்படி ஒண்ணு கையால தொட்டதில்ல."

நாத்தனார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத மாதிரி பையை உதறினாள். ஆனால் அன்றைக்குக் குழம்பில் உப்பு கூடியிருந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த வாரம் அருங்காட்சியகத்து அதிகாரி வந்தார். கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றிப் பார்த்தார்.

"எவ்வளவு நாள் ஆகும்?"

"எட்டு மாசம். ஒருவேளை பத்து."

"ரெண்டு வருஷம்கூட எடுத்துக்கோங்க. ஊசியும் பொடியும் மட்டும். காரம் வேண்டாம்."

காரம் என்பது காஸ்டிக் பொட்டாஷ். வெள்ளை வெள்ளையாகச் சீவல் சீவலாக இருக்கும். களிமண்மேல் வைத்தால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு தானே கரைந்து, மண்ணையும் கூழாக்கிவிடும். மொட்டை உருண்டைகளுக்கு அது நல்ல வழி. ஓட்டை ஒன்றும் செய்யாது. ஆனால் முள்ளோடு இருப்பதற்கு ஆகாது. முள்ளைப் பிடித்துக்கொண்டிருக்கிற தோல் எப்போதோ போய்விட்டது. மண்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. மண்ணைக் கரைத்தால் முள் எதன்மேல் நிற்கும்?

"முடிஞ்சதும் கண்ணாடிப் பெட்டியில வைப்போம்," என்றார் அதிகாரி நாத்தனாரிடம். "கீழே ஒரு அட்டை. யார் கண்டெடுத்தாங்கன்னு உங்க பேர் போடுவோம்."

"பெல்ட்டக்கான்னு போடுங்க. நிஜப் பேரைப் போட்டா இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் நான்தான்னு தெரியாது."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. நிஜமாகத்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஷிப்ட் முடிந்து வந்ததும் நாத்தனார் கொட்டகை வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார ஆரம்பித்தாள். மடியில் பூண்டோ பட்டாணியோ இருக்கும். உரித்துக்கொண்டே கேட்பாள்.

"இன்னைக்கு எவ்வளவு?"

"ஒரு நகக்கண் அளவு."

"நான் பெல்ட்டுல ஒரு மணி நேரத்துல எவ்வளவு கல்லைப் பார்ப்பேன் தெரியுமா? நீ ஒரு நாளைக்கு நகக்கண். உனக்கும் வேலைன்னு பேரு, எனக்கும் வேலைன்னு பேரு."

ஒரு முள் வெளிப்படும். மெல்லிய பசையை ஒரு சொட்டு வைத்துக் காய விட வேண்டும். காய்ந்த பிறகு அடுத்த முள். இரண்டு மாதத்தில் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு வேலை முடிந்திருந்தது. அந்தச் சமயத்தில்தான் நாத்தனாருக்கு இருமல் வந்தது.

குழியில் வேலை பார்க்கிறவர்களுக்கு இருமல் புதிதா என்ன? யாரும் பொருட்படுத்தவில்லை. சளியில் ரத்தம் கண்டபோது வெல்டர் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். படம் எடுத்தார்கள். நுரையீரலில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், முடிவு வர நாளாகும், ஆனால் பார்த்தால் புற்றுநோய் மாதிரிதான் தெரிகிறது, வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள் என்றார் டாக்டர். எவ்வளவு நாள் என்று வெல்டர் கேட்டான். மூன்று வாரம், நான்கு வாரம் என்றார்.

அவன் அதை மனைவியிடம் சொன்னது கொட்டகையில் நின்றுகொண்டு. சொல்லிவிட்டுக் கம்ப்ரஸரின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"அவங்களுக்குச் சொல்லிட்டீங்களா?"

"நான் சொல்லல. அதுவே என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிச்சிடுச்சு. 'எத்தனை நாள்டா'ன்னு கேட்டுச்சு." கம்ப்ரஸரின் மேலிருந்து கையை எடுத்தான். "ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு. அந்தக் கல்லு முழுசா எப்படி இருக்கும்னு பார்த்துட்டுப் போறேன்னு."

"இன்னும் எட்டு மாசம் ஆகுமேங்க."

"தெரியும்."

"பாதியில காட்டினா என்ன?"

"காட்டிப் பாரு."

அன்றைக்குச் சாயங்காலம் அவள் கல்லை ஒரு தட்டில் வைத்துக் கட்டிலருகே கொண்டுபோனாள். நாத்தனார் பார்த்தாள். கண்ணுக்குத் தெரிந்தது ஒரு களிமண் கட்டியும் அதன் ஓரத்தில் கொஞ்சம் சொரசொரப்பும்தான். அத்தனை முள்ளும் மைக்ராஸ்கோப்பில்தான் முள்.

"சரி," என்றாள் நாத்தனார். "இது நான் எடுத்தப்பவே இப்படித்தானே இருந்துச்சு."

குறையாகச் சொல்லவில்லை. ஆனால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த முதுகை ஊசிக்காரி பார்த்தாள். ஒன்பது வருஷத்தில் அந்தப் பொம்பளை அவளிடம் எதையும் கேட்டு வாங்கியதில்லை. தண்ணீர்கூடத் தானே எடுத்துக் குடிப்பாள்.

மைக்ராஸ்கோப் ஆறு கிலோ எடை இருக்கும். ஒரு கையால் தூக்கிவிடலாம். அதைக் கட்டிலருகே கொண்டுபோய் வைத்து, தலையணையை உயர்த்தி, "இதுல கண்ணை வைங்கக்கா" என்று சொல்லியிருக்கலாம். அந்த யோசனை அவளுக்கு அப்போது வரவில்லை. பிற்பாடு வந்தது, பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில். வந்த பிறகு போகவே இல்லை.

மறுநாள் காரத்தின் டப்பாவைத் திறந்தாள்.

முதலில் ஒரு கணக்கு வைத்திருந்தாள். ஒரு ஓரத்தில் மட்டும் வைப்பது. முள் தெரியத் தெரியப் பசை போட்டு நிறுத்திக்கொள்வது. பிறகு அடுத்த ஓரம். இரண்டு நாள் அப்படித்தான் செய்தாள். கட்டைவிரல் அகலம் உள்ளங்கை அகலமாயிற்று. இருபது முள்ளில் பன்னிரண்டு நின்றது. எட்டு போனால் போகட்டும் என்று நினைத்தாள். முள்ளுக்குக் கணக்குப் பார்த்தது அன்றைக்குத்தான். மூன்றாம் நாள் நாத்தனாருக்கு மூச்சுத் திணறியது. வெல்டர் வேலைக்குப் போகவில்லை. கட்டிலுக்கும் கொட்டகைக்கும் நடந்துகொண்டே இருந்தான். வாசலில் வந்து நிற்பான், போவான். அவன் நான்காவது முறை வந்து நின்றபோது அவள் கல்லைச் சுற்றி எல்லாப் பக்கமும் சீவலை வைத்துவிட்டாள்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். மறுநாள் காலையில் கூழாகிப்போன மண்ணைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் அலசியபோது முட்கள் கழன்றன. முதலில் ஒன்றிரண்டு, பிறகு கொத்தாக. தடுக்க விரலை வைத்தாள்; விரலிடுக்கில் வந்தன. பாத்திரத்தின் அடியில் சாம்பல் நிறத்தில், முறிந்த துடைப்பக்குச்சி நுனிகள் மாதிரி கிடந்தன. அவள் அதைச் சல்லடையில் வடித்து ஒரு கிண்ணத்தில் வைத்தாள். எதற்கு வைத்தாள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. எந்த முள் எந்தக் குமிழில் இருந்தது என்று இனிக் கடவுள் வந்து சொன்னால்தான் உண்டு.

கையில் மிஞ்சியது மொட்டை உருண்டை. அது அழகாகத்தான் இருந்தது. உச்சியிலிருந்து ஐந்து பட்டைகள் இறங்கி வயிற்றைச் சுற்றி அடியில் வாயில் கூடின. பட்டைக்குப் பட்டை வரிசை வரிசையாகக் குமிழ்கள். கழுவித் துடைத்து, பழைய துண்டில் பொதிந்து எடுத்துப் போனாள்.

நாத்தனார் எழுந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெருவிரலால் ஒரு பட்டையை மேலிருந்து கீழாகத் தடவினாள்.

"இதுதானா?"

"இதுதாங்க்கா."

"உள்ள இவ்வளவு ஒழுங்கா இருந்திருக்கு பாரேன்." பிறகு நிமிர்ந்து இவளை நெடுநேரம் பார்த்தாள். "உன் கை ஏன் இப்படி இருக்கு?"

காரம் பட்டு விரல்நுனி வெளிறித் தோல் உரிந்திருந்தது. அவசரத்தில் கையுறை கிழிந்ததைக் கவனிக்கவில்லை.

"ஒண்ணுமில்லக்கா. தண்ணி பட்டது."

"எண்ணெய் போடு," என்றாள் நாத்தனார். கல்லைத் தலையணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தாள். வெல்டர் வாசலுக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அன்றைக்குத் தான் செய்தது சரிதான் என்று ஊசிக்காரிக்குத் தோன்றியது. அது பொய்யில்லை. அந்த ஒரு நாள் நிஜமாகவே அப்படித்தான் தோன்றியது.

பதினோராம் நாள் சோதனை முடிவு வந்தது. வெல்டர் ஆஸ்பத்திரியிலிருந்து ஓடாத குறையாக வந்தான். அவள் கட்டிலருகே கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். அவன் சிரிக்கவும் தெரியாமல் அழவும் தெரியாமல் சொன்னான்:

"புத்துநோய்க் கட்டி இல்லையாம். டி.பி. கிருமியாம். மாத்திரையாம். எட்டு மாசம் விடாம மாத்திரை சாப்பிட்டா சரியாயிடுமாம்."

அப்படியானால் அவசரப்பட்டிருக்க வேண்டியதில்லையே.

இதுதான் அவள் மனதில் முதலில் வந்தது. சந்தோஷம் அதற்குப் பிறகு வந்தது, ஒரு வினாடியோ இரண்டு வினாடியோ கழித்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிற விருந்தாளி மாதிரி. உடனே சிரித்தாள். "எவ்வளவு நல்ல சேதி" என்றாள். புருஷன் கவனிக்கவில்லை. நாத்தனார் தலையணையில் சாய்ந்தபடி தம்பியைப் பார்க்காமல் இவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டு மாசம். அதே எட்டு மாசம். மாத்திரை அட்டைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. நாத்தனார் எழுந்தாள், நடந்தாள், உடம்பு தேறினாள். ஆலை அவளைத் திரும்ப எடுக்கவில்லை, வீட்டோடு ஆனாள். அந்த எட்டு மாசத்தில் எந்த வாரம் எந்தப் பட்டை முடிந்திருக்கும் என்று ஊசிக்காரி மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பாள். வேண்டாமென்று நினைத்தாலும் ஓடும். நாத்தனார் ஒரு கவளம் அதிகம் சாப்பிட்டால் சந்தோஷமாகத்தான் இருக்கும். கூடவே அதுவும் ஓடும்.

நடுவில் அதிகாரி வந்தார். நாத்தனார் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தாள். கல்லைக் கையில் எடுத்தவர் திருப்பிப் பார்த்தார். மேஜையில் வைத்துவிட்டு மறுபடி எடுத்தார்.

"முள்ளு இருந்துச்சே."

"ஈரம் ஏறியிருந்துச்சு சார். மழை. தானா கழண்டுடுச்சு."

அவருக்கு இவள் கைவேலை பதினைந்து வருஷமாகத் தெரியும். காரம் பட்ட ஓட்டின் நிறமும் தெரியும். "அப்படியா," என்றார். "சரி. மொட்டை எங்ககிட்ட நூறு இருக்கும்மா. இதை நீங்களே வச்சுக்கோங்க." டீ வந்ததும் குடித்துவிட்டுப் போனார். அதன் பிறகும் பெட்டிகள் வந்தன. ஆனால் முள்ளோடு எதுவும் வரவில்லை. முள்ளோடு கிடைத்தவை வேறு யாரிடமோ போயின. அட்டையைப் பற்றி நாத்தனார் அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. கல்லைத் தன் துணிப் பெட்டிமேல் வைத்திருந்தாள். வருகிறவர்களிடம், "நான் பெல்ட்டுல எடுத்தது, எங்க தம்பி பொண்டாட்டி சுத்தம் பண்ணினது" என்று மூன்று வீட்டுக்குக் கேட்கச் சொல்வாள். ஒவ்வொரு முறையும் ஊசிக்காரி அடுப்படிக்குப் போய்விடுவாள்.

நாலு வருஷம் இப்படிப் போயிற்று. நேரத்துக்குச் சாப்பாடு, மாத்திரை இருந்தவரை நேரத்துக்கு மாத்திரை, குளிர்காலத்தில் வெந்நீர். ஒரு குறை வைக்கவில்லை. குறை வைக்காமல் இருப்பதில் அவ்வளவு கவனமாக இருந்தாள்.

ஒரு மத்தியானம், பெல்ட் ரிப்பேராகி நின்றிருந்த நாள், நாத்தனார் முக்காலியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். தோலைக் கொட்டுவதற்கு விரித்திருந்த செய்தித்தாளில் ஒரு படம். தோலை ஒதுக்கிவிட்டுத் தாளைக் கைக்கெட்டும் தூரத்தில் நீட்டிப் பிடித்தாள்.

"இங்க பாரு. அருங்காட்சியகத்துல புதுசா ஒரு ஹால் திறந்திருக்காங்களாம்."

ஊசிக்காரி மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். கடல் முள்ளெலி. வேறொரு குழியிலிருந்து வந்தது. சூரியன் மாதிரி சுற்றிலும் முள். கீழே சின்னதாகக் கண்டெடுத்தவர் பெயர், ஒரு லாரி டிரைவர்.

"நல்லா பண்ணியிருக்காங்க," என்றாள்.

"நம்மளதும் இப்படித்தான் இருந்திருக்கும்."

ஊசிக்காரி ஊசியைக் கீழே வைத்தாள்.

"அக்கா..."

"எனக்குக் காதுதான் பாதி. கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. பெல்ட்டுலேருந்து எடுத்தப்ப ஓரத்துல சொரசொரப்பா இருந்ததைப் பார்த்துதானே எடுத்தேன், முள்ளெல்லாம் அப்படியே இருக்குன்னு நீயும் சொன்னே. நீ மொட்டையாக் கொண்டுவந்து கையில கொடுத்தே. உன் விரலையும் பார்த்தேன். புரிஞ்சுக்கிட்டேன். போற கட்டைதானே, போகட்டும்னு எனக்காக நீ அதைக் கெடுத்திருக்கேன்னு."

அவள் வழக்கம்போலக் கத்திப் பேசவில்லை. பெல்ட் நின்றிருந்ததாலோ என்னவோ, மெதுவாகத்தான் பேசினாள். ஒரு பட்டாணியை எடுத்து உரித்தாள்.

"அன்னைக்கு எனக்கு ரொம்ப நிறைவா இருந்துச்சு. ஒருத்தி எனக்காக இவ்வளவு பண்ணினாளேன்னு. அப்படியே போயிருந்தா சரியா இருந்திருக்கும். போகல."

"ஏங்க்கா இப்படியெல்லாம் பேசுறீங்க?"

"கேக்கணும்னு ரொம்ப நாளா. கோவம்லாம் இல்ல. தம்பி வந்து மாத்திரைன்னு சொன்னான் பாரு, அப்ப உன் முகத்தைப் பார்த்தேன். நான் பிழைச்சது உனக்குக் கொஞ்சம் வருத்தமா இருந்துச்சு, இல்ல?"

இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு சொல். சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஊசிக்காரி வாயைத் திறந்தாள். இத்தனை வருஷம் எதையும் பார்த்துப் பார்த்துச் செய்து பழகிய புத்தி, அந்தச் சொல் உண்மையா என்று ஒரு கணம் உரசிப் பார்த்தது.

"இல்லக்கா," என்றாள். குரல் சரியாகத்தான் வந்தது. வந்த நேரம்தான் தப்பிவிட்டது.

நாத்தனார் தலையாட்டினாள். "சரி விடு. நான் கேட்டிருக்கக் கூடாது." பட்டாணிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "ராத்திரிக்கு இதையே வைக்கட்டுமா? உருளைக்கிழங்கும் கொஞ்சம் இருக்கு."

"வைங்கக்கா."

அதன் பிறகு அந்தப் பேச்சு வரவில்லை. இரண்டு மாதம் கழித்து வெளியூரில் இருந்த வெல்டரின் தம்பி வீட்டில் இரட்டைக் குழந்தை பிறந்தது. ஒத்தாசைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். நாத்தனார் தானே முன்வந்து கிளம்பினாள். மூன்று மாதத்துக்கு என்று போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். ஒரு மனத்தாங்கலும் இல்லை. வாரத்துக்கு ஒரு முறை போன் வரும். இங்கே மழையா, அங்கே வெயிலா, தம்பி நேரத்துக்குச் சாப்பிடுகிறானா. ஊசிக்காரி ஒவ்வொரு முறையும், "எப்பக்கா வர்றீங்க?" என்று கேட்பாள். "இதுங்க நடக்க ஆரம்பிக்கட்டும்" என்பாள். நடக்க ஆரம்பித்தன. ஓட ஆரம்பித்தன. கொட்டகையில் மத்தியானங்கள் மிகவும் அமைதியாக இருந்தன. வேலை ஓடவில்லை. சில நாள் சும்மாவே கம்ப்ரஸரைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பாள்.

மூன்றாம் வருஷம் ஒரு விடிகாலையில் போன் வந்தது. இந்த முறை டாக்டர் நாள் சொல்லவில்லை. படுத்தவள் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

எல்லாம் முடிந்து வந்தவர்கள் கலைந்த பிறகு, வெல்டரின் தம்பி மனைவியும் ஊசிக்காரியும் அந்த வீட்டின் பின்கட்டில் பாத்திரம் துலக்க உட்கார்ந்தார்கள். அந்தப் பெண் வெள்ளந்தி. அழுது கண் வீங்கியிருந்தது. ஆனாலும் பேச்சு நிற்கவில்லை.

"உங்களைப் பத்திப் பேசாத நாளே இல்லக்கா. நான் ஏதாவது அலுத்துக்கிட்டா உடனே உங்களைத்தான் இழுப்பாங்க. எனக்குச் சில சமயம் கோவமாகூட வரும்."

"என்ன சொல்லுவாங்க?"

"என்னமோ. எனக்கு அது சரியாப் புரிஞ்சதே இல்ல." அந்தப் பெண் ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். "'நான் சாகாம போனதுல அவளுக்கு ஒரு வருத்தம். நியாயமான வருத்தம்தான். யாரா இருந்தாலும் இருக்கும். ஆனா அந்த வருத்தத்தை வச்சுக்கிட்டே நாலு வருஷம் நேரத்துக்கு எனக்குச் சோறு போட்டா பாரு. பிரியம் இருந்தா எவ வேணா போடுவா'ன்னு சொல்லுவாங்க. சொல்லிட்டுச் சிரிப்பாங்க. என்னக்கா அது? அப்படி என்ன வருத்தம் உங்களுக்கு?"

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஊசிக்காரி கையிலிருந்த தட்டை இரண்டு பக்கமும் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள்.

"அது ஒரு கல்லு விஷயம்மா," என்றாள்.

"கல்லா?"

"ஆமா. அவசரப்பட்டுட்டேன்."

அந்தப் பெண்ணுக்கு அதுவும் புரியவில்லை. உள்ளே இரட்டையரில் ஒன்று விழுந்து அழுதது. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். ஊசிக்காரி குழாயை மூடினாள். பிறகு மிச்சப் பாத்திரங்களைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக, நிதானமாகத் துலக்க ஆரம்பித்தாள்.